வடசென்னையில் ஒரு ப்ரூவரி போட்டால் என்ன ஆகும்?

"அண்ணே, பெங்களூர்ல இருக்கிற மாதிரி நம்ம ஏரியாவுல ஒரு ப்ரூவரி, அதான் பீர் காய்ச்சி அங்கேயே ஊத்தித் தர்ற கடை, போட்டா எப்படி?" என்று கேட்கும் தம்பிகள் பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் இப்போது அதிகமாகிவிட்டார்கள். வேலைக்கு பெங்களூர் போய், இந்திரா நகரில் ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்து, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வந்தவர்கள். சுருக்கமான பதில், முடியாது, தமிழ்நாட்டில் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. இந்தப் பதிலைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் அந்தத் தொட்டிகளுக்குள் என்ன நடக்கிறது, அதை நடத்த என்ன மாதிரி ஆட்கள் வேண்டும் என்ற பேச்சு வருவதே இல்லை. அதைப் பேசினால் ஒரு வேடிக்கையான விஷயம் தெரியவரும். ப்ரூவரி நடத்தத் தேவையான கைவேலையில் முக்கால்வாசி வடசென்னைக்காரர்களுக்கு ஏற்கெனவே பழகிய வேலைதான். உரிமமும் முதலும்தான் இங்கே இல்லை.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினாரே, அப்போது வந்த மதுவிலக்குச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்து மொத்த விற்பனை முழுவதையும் எடுத்துக்கொண்டது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. 1987 முதல் கள்ளுக்கும் தடை. ஆக, இங்கே பீர் தயாரிக்கலாம், ஆனால் பெரிய ஆலையாக இருந்து, உரிமம் வாங்கி, டாஸ்மாக்குக்கு விற்க வேண்டும். நட்சத்திர ஓட்டல் பாரில் ஊற்றித் தருகிற சரக்கும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். தயாரிப்பவர் ஒருவர், நடுவில் அரசு, குடிப்பவர் மறுமுனையில். மைக்ரோ ப்ரூவரி என்பது இந்த மூன்றில் நடுவில் இருப்பவரைத் தூக்கிவிட்டு, ஒரே கூரையின் கீழ் காய்ச்சி அங்கேயே கிளாசில் ஊற்றித் தரும் ஏற்பாடு. அதற்கென்று தனியாக விதி எழுதினால்தான் உண்டு. கர்நாடகம் 2010-ல் எழுதியது. மகாராஷ்டிரத்தில் புனேயின் டூலாலி 2009-லேயே ஊற்ற ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் புதுச்சேரியில்கூட அனுமதி உண்டு.

தமிழ்நாட்டில் ஏன் எழுதவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. டாஸ்மாக் வழியாக வரும் வருமானம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது, அந்தக் குழாயில் சின்னதாகக்கூட ஒரு ஓட்டை போட எந்த அரசுக்கும் மனசு வராது. இன்னொரு பக்கம், மதுவைக் குறைப்போம் என்று சொல்லாமல் இங்கே எந்தக் கட்சியும் தேர்தலுக்குப் போவதில்லை, அப்படியிருக்க புது வகைக் கடையைத் திறந்த பெயரை யார் வாங்கிக்கொள்வார்கள்? தெருமுனைக் கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்காரும் பெண்களின் கோபத்தையும் நான் சின்னதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சின்ன அளவில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் கிராஃப்ட் பீர் குடிப்பவன் வேறு, குவார்ட்டர் குடிப்பவன் வேறு என்று அவர்களிடம் போய் வாதாடினால் செருப்பு வந்தாலும் ஆச்சரியமில்லை, நியாயமும் அவர்கள் பக்கம்தான். அப்புறம் ஒன்று, வீட்டில் சும்மா ஒரு பக்கெட்டில் முயற்சி செய்து பார்க்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: அதுவும் குற்றம்தான். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். அங்கே ஆளைக் கொன்றது தொழிற்சாலை மெத்தனால். பீரில் அது பெயருக்குத்தான் இருக்கும், ஆனால் கேஸ் போடுகிறவர் அந்த வேதியியலைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.

சரி, கைத்தயாரிப்பு பீர் வடசென்னைக்குப் புதிதா என்றால், சுண்டக்கஞ்சியைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். காசிமேட்டுப் பக்கத்துப் பழைய பேச்சிலும் கானாவிலும் அடிபடும் அந்தப் புளித்த சோற்றுச் சரக்கு, வகை பிரித்தால் அரிசி பீர் குடும்பம்தான். கள்ளத்தனமாக விற்பதால் யார் எதைக் கலந்தார்கள் என்று குடிப்பவருக்குத் தெரிய வழியே கிடையாது, அதனால் அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அதற்கும் பீருக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். ஈஸ்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரை வேண்டும். சோற்றில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைக்க ஒரு என்சைம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜப்பானில் அதற்கு ஒரு பூஞ்சையை வளர்க்கிறார்கள். பார்லியில் அந்த வேலையைத் தானியமே செய்துகொள்கிறது: ஊறவைத்து, முளைவிட்டதும் சூட்டில் உலர்த்தினால் என்சைம் உள்ளேயே தயாராக இருக்கும். அதுதான் மால்ட். குழந்தைக்குக் கஞ்சி போட முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து அரைக்கிறோமே, அதே வேலை, பெரிய அளவில்.

ஆயிரம் லிட்டர் சாதாரண பீருக்கு ஏறக்குறைய இருநூறு கிலோ மால்ட் வேண்டும். உமி முழுசாக இருக்கும்படி ரவைப் பதத்தில் உடைத்து, 65 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் மாவு சர்க்கரையாகிறது. இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பீர் லேசாக, வறட்டுத்தனமாக வரும், இரண்டு மூன்று டிகிரி கூடினால் கொழகொழவென்று கனமாக இருக்கும், எழுபதை நன்றாகத் தாண்டிவிட்டால் என்சைம் செத்தே போய்விடும். உமிதான் வடிகட்டி. வடிந்த இனிப்புத் தண்ணீரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தளதளவென்று கொதிக்கவிட்டு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட வேண்டும், கசப்பு வருவது அதிலிருந்துதான், கெட்டுப்போகாமல் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஹாப்ஸ் நம் நாட்டில் இமாசலத்தின் லாஹௌல் பக்கம் கொஞ்சம் விளைகிறது, மற்றபடி ஜெர்மனி, அமெரிக்காவிலிருந்து வருகிற உருண்டைகள்தான், ஃப்ரீசரில் வைக்காவிட்டால் மணம் போய்விடும். பார்லி ராஜஸ்தான், அரியானா பக்கத்துச் சரக்கு. சென்னைக் காற்றின் ஈரத்தில் மால்ட் மூட்டையைப் பிரித்துப் போட்டால் சீக்கிரமே நமத்து, வண்டும் வந்துவிடும், அதனால் ஏசி போட்ட குடோன் என்பது இங்கே ஆடம்பரமில்லை. கன்டெய்னரில் வரும் சரக்கைத் துறைமுகத்தில் கிளியர் பண்ணத் தெரிந்த ஆட்களைப் பற்றி மண்ணடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் பீர் என்பது தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர், வடசென்னையில் கதை சூடு பிடிப்பதும் தண்ணீரில்தான். சின்ன ப்ரூவரியில் ஒரு லிட்டர் பீருக்கு ஐந்திலிருந்து எட்டு லிட்டர் வரை தண்ணீர் போகும், கழுவ, குளிர்விக்க, ஆவியாக்க எல்லாம் சேர்த்து. அதாவது ஆயிரம் லிட்டர் காய்ச்சும் ஒவ்வொரு தடவையும் ஒரு தண்ணி லாரி காலி. போரைப் போட்டு எடுத்துக்கொள்ளலாமா என்றால், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது ஊருக்கே தெரியும். போதாததற்கு, சென்னையில் இஷ்டத்துக்கு நிலத்தடி நீரை உறிஞ்ச முடியாதபடி 1987-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் என்றால் புழலில் சுத்திகரித்து வருவது அல்லது காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து வருவது, அந்த ஆலையின் கொள்ளளவு நாளுக்கு பத்துக் கோடி லிட்டர்.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை எடுக்காமல் காய்ச்சினால் பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். குளோரின் மால்ட்டில் இருக்கும் பீனால் வகைப் பொருட்களோடு சேர்ந்து பண்ணும் வேலை அது, துளியூண்டு இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். கார்பன் ஃபில்டர் போட்டால் தீரும். உப்புக்கு ஆர்ஓ. ஆர்ஓ தண்ணீர் வெறுமையானது, அதில் அப்படியே காய்ச்சவும் கூடாது, என்சைமுக்கும் ஈஸ்டுக்கும் கொஞ்சம் கால்சியம் தேவை, அதனால் ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் அளந்து சேர்க்கிறார்கள். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. செக் நாட்டின் பில்சன் ஊரில் 1842-ல் அந்தப் பொன்னிற லாகர், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர் வகை, பிறந்ததற்கு ஒரு காரணம் அங்கே தண்ணீரில் உப்பே இல்லாதது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பேல் ஏலுக்கு, அதாவது லாகரைவிடக் கூடுதல் சூட்டில் சீக்கிரம் நொதிக்கும் ஏல் வகையில் ஒன்றுக்கு, பேர்போனதற்குக் காரணம் நிலத்தடியில் இருக்கும் ஜிப்சம். வெறுமையான தண்ணீரை வைத்துக்கொண்டு எந்த ஊர்த் தண்ணீராகவும் மாற்றலாம். ஆர்ஓ துப்புகிற உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

உப்புத் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் தெரியும், எஃகைத் தின்பது. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பும் 304 ரகத்தில், குளோரைடு அதிகமான தண்ணீர் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தால் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழும். அந்த இடங்களில் 316 போட வேண்டும், விலை கூடுதல். வெல்டிங்கும் சும்மா ஒட்டவைப்பதல்ல. குழாயின் உட்புறம் ஆர்கான் வாயு நிரப்பிக்கொண்டு டிக் வெல்டிங் அடிக்காவிட்டால், உள்ளே பற்றவைத்த கோடு சர்க்கரை பொரிந்த மாதிரி கருத்துச் சொரசொரப்பாகிவிடும், அந்தச் சொரசொரப்பில் கிருமி குடியேறினால் எந்த மருந்து ஊற்றிக் கழுவினாலும் போகாது. ஐசிஎஃப்பில் ரயில் பெட்டிகளை எஃகில் செய்து செய்து பழகிய ஊர் இது. பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் பட்டறைகளில் எஃகைப் பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மாதவரம் பால் பண்ணையைச் சுற்றி, தொட்டியைக் கழற்றாமலே உள்ளே மருந்துத் தண்ணீரைச் சுழலவிட்டுக் கழுவும் முறை தெரிந்த ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், அதே குழாய், அதே கிளாம்ப், அதே கேஸ்கெட்தான் ப்ரூவரியிலும். வால்வும் பம்பும் வேண்டுமென்றால் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருவில் அரை நாள் அலைந்தால் போதும்.

அடுத்தது சூடு. கொதித்த நூறு டிகிரி வோர்ட்டை, அதாவது இன்னும் பீராகாத அந்த இனிப்புத் தண்ணீரை, அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் இருபது டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், தாமதித்தால் வேண்டாத கிருமி முதலில் உட்கார்ந்துவிடும். ஐரோப்பியப் புத்தகத்தில் குழாய்த் தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டால் போதும் என்று எழுதியிருக்கும். மே மாதம் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வருகிற தண்ணீரில் நாமே கை வைக்க முடியாது, அது எதைக் குளிர்விக்கும்? ஆகவே இங்கே இரண்டு கட்டம், முதலில் சாதாரணத் தண்ணீர், பிறகு சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்தில் இருந்து வரும் தண்ணீர். நொதிக்கும்போதும் ஈஸ்ட் சூட்டைக் கிளப்பும். ஆயிரம் லிட்டரைக் குளிர்விக்காமல் விட்டால் தானாகவே அறைச் சூட்டுக்கு மேல் பத்து டிகிரி வரை ஏறிவிடும். சாதாரண ஏல் ஈஸ்ட் இருபது டிகிரி பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்யும், முப்பதில் விட்டால் பெயின்ட் கடை வாசமும் மறுநாள் தலைவலியும் தரும் சரக்கைப் பண்ணிவிடும். லாகருக்கு இன்னும் கீழே, பத்து பன்னிரண்டு டிகிரி, பிறகு வாரக்கணக்கில் உறைநிலைக்குப் பக்கத்தில். குளிர்பதன இயந்திரம் வளர்ந்த கதையிலேயே ப்ரூவரிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1870-களில் ஜெர்மன் பொறியாளர் கார்ல் லிண்டே தன் இயந்திரத்தைச் செய்ய மியூனிக் ப்ரூவரி ஒன்றுதான் ஆதரவு தந்தது, அதுவரை குகையையும் குளிர்காலத்துப் பனிக்கட்டியையும் நம்பித்தான் லாகர் காய்ச்சினார்கள்.

காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஃபேக்டரிகளில் கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டிப் பழகிய மெக்கானிக்கிடம் ப்ரூவரி சில்லரைக் காட்டினால் பொம்மை மாதிரிப் பார்ப்பார். இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. நார்வே கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை முப்பதிலிருந்து நாற்பது டிகிரி வரை கெட்ட வாசமில்லாமல் வேலை செய்யும், அதுவும் சில நாட்களிலேயே முடித்துவிடும். குளிர் நாட்டிலிருந்து வந்து நம் வெயிலுக்கென்றே செய்த மாதிரி ஒரு ஜீவன். கரன்ட் போனாலும் அது பதறாது. அனல் மின் நிலையத்தின் சாம்பலை மூச்சில் வாங்கிக்கொண்டே பவர் கட்டுக்கும் பழகிய எண்ணூர்க்காரர்களுக்கு இந்த விஷயம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இனி யாரும் இன்ஸ்டாகிராமில் போடாத வேலை. ப்ரூவரியில் வேலை செய்பவர் காய்ச்சும் நேரத்தைவிடக் கழுவும் நேரம்தான் அதிகம். காய்ச்சிய தொட்டி, நொதித்த தொட்டி, குழாய், கெக் என்ற எஃகுப் பீப்பாய், ஊற்றும் டேப் வரை எல்லாவற்றையும் சூடான காஸ்டிக் சோடா, பிறகு தண்ணீர், பிறகு அமிலம், பிறகு கிருமியைக் கொல்லும் பெரசெட்டிக் அமிலம் என்று வரிசையாக விட்டு எடுக்க வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் போதாது. இதில் ஆளைக் கொல்லக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன. நொதித்து முடித்த தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும், அதை வெளியேற்றாமல் காஸ்டிக்கை அடித்தால் காஸ்டிக் அந்த வாயுவை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வெற்றிடம் உண்டாகி, பல லட்ச ரூபாய்த் தொட்டி சில நொடியில் உட்பக்கமாக நசுங்கிப்போகும். சூடாகக் கழுவிய தொட்டியின் மூடிகளை அடைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டாலும் இதே கதிதான்.

அந்த வாயு ஆளுக்கும் எமன். ஆயிரம் லிட்டர் பீர் நொதிக்கும்போது நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது, பரப்பினால் ஏறக்குறைய இருபதாயிரம் லிட்டர். பத்துக்குப் பத்து அறையின் பெரும்பகுதியை நிரப்ப அது போதும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், பள்ளத்தில் நிற்கும். பாதாளச் சாக்கடைக்குள் ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் செத்த செய்திகளை வடசென்னை எத்தனை தடவை படித்திருக்கிறது? வாயு வேறாக இருக்கலாம், சாவின் வழி அதேதான். தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது, தனியாக உள்ளே இறங்குவது, இரண்டுக்கும் இடமே கிடையாது. முகப்பில் எவ்வளவு அழகாக விளக்குப் போட்டாலும் சரி, வாயு அளக்கும் கருவியும் காற்றுப்போக்கியும் இல்லாத ப்ரூவரியில் என் தம்பியை வேலைக்கு அனுப்ப மாட்டேன்.

கழிவுக்கு வருவோம். மால்ட்டை வடித்த பிறகு மிஞ்சும் சக்கை, ஒரு தடவைக்கு இருநூறு கிலோவுக்கும் மேல் ஈரமாக வரும். மாட்டுக்கு நல்ல தீனி, மாதவரம், புழல் பக்கத்துத் தொழுவக்காரர் ஒருவரைப் பிடித்துவைத்தால் வண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். ஆனால் அன்றைக்கே போயாக வேண்டும், நம் வெயிலில் மறுநாள் அது தெருவையே நாறடித்துவிடும். உண்மையான தொல்லை திரவக் கழிவு. கழுவிய காஸ்டிக், அடியில் தங்கிய ஈஸ்ட், சிந்திய வோர்ட், எல்லாம் சாக்கடைக்குப் போனால் அங்கே இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும், ஏனென்றால் அது கிருமிகளுக்குச் சர்க்கரைப் பந்தி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நொதித்தல் தொழிலை மாசு அதிகமான சிவப்பு வகையில் வைத்திருப்பது சும்மா இல்லை. இதோடு ஆர்ஓவின் உப்புத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்டன் காட்டன் கால்வாயையும் பக்கிங்காம் கால்வாயையும் தினமும் தாண்டிப்போகிற ஊரில், 2009-லேயே மணலியைக் கடும் மாசடைந்த தொழிற்பகுதி என்று அரசே பட்டியலிட்ட ஊரில், இன்னொரு கழிவுக் குழாயை நீட்டிக்கொண்டு வருகிறவரை மக்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். சுத்திகரிப்புக்கு இடமும் பணமும் ஒதுக்காமல் போட்ட திட்டம் திட்டமே இல்லை என்பேன்.

பணக் கணக்கு. சின்னதாக ஒன்று வைத்துக்கொள்வோம், ஆயிரம் லிட்டர் நொதிகலன் நான்கு. ஏல் வகை என்றால் காய்ச்சியதிலிருந்து ஊற்றும்வரை இரண்டு வாரம், ஆக ஒரு கலன் மாதத்துக்கு இரண்டு சுற்று, மொத்தம் 8,000 லிட்டர். சிந்தியது, அடியில் தங்கியது என்று பத்து சதவீதம் போக 7,200. அதை 330 மில்லி கிளாசாக ஊற்றினால் மாதம் 21,800 கிளாஸ், நாளைக்கு எழுநூறுக்கு மேல். இதே கலன்களில் லாகர் போட்டால் ஐந்து வாரம் பிடிக்கும், வருகிற சரக்கு பாதிக்கும் கீழே போய்விடும். கிராஃப்ட் கடைகளில் கோதுமை பீரும் ஐபிஏ என்ற கசப்பான ஏலும் அதிகமாகவும், லாகர் குறைவாகவும் இருப்பதில் ருசிக்கு உள்ள பங்கைவிடத் தொட்டி வாடகைக்கு உள்ள பங்கு பெரிது. மூலப்பொருள் செலவு பயப்படும் அளவுக்கு இருக்காது. ஆளை அழுத்துவது இயந்திரக் கடன், வாடகை, கரன்ட், உரிமக் கட்டணம், கலால். மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் இன்னொரு இடியும் உண்டு: தொட்டி, சில்லர், பாய்லர் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்க வேண்டும், ஆனால் விற்கும் பீரில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. வேறு தொழிலில் திரும்பி வருகிற பணம் இங்கே போனது போனதுதான்.

நாளைக்கு எழுநூறு கிளாஸ் தண்டையார்பேட்டையில் விற்குமா? பெங்களூரில் ஒரு கிளாஸ் முந்நூறு, நானூறு என்று போகிறது. டாஸ்மாக்கில் அதைவிடக் குறைந்த காசுக்கு 650 மில்லி பாட்டில் கிடைக்கும். சத்தியமாக எனக்கு நம்பிக்கை இல்லை. பெங்களூர்க் கடைகளும் பீரை மட்டும் விற்றுப் பிழைப்பதில்லை, பெரிய ஓட்டலை நடத்தி, சாப்பாட்டில் பாதி சம்பாதிக்கின்றன. கெடாமல் இருக்கச் சூடு காட்டாத, வடிகட்டாத பீர் குளிரிலேயே இருந்து சில வாரத்துக்குள் தீர வேண்டும் என்பதால், விற்காததைச் சேர்த்துவைக்கவும் வழியில்லை. இடம் என்று பார்த்தால் பேசின் பிரிட்ஜ், வண்ணாரப்பேட்டை பழைய குடோன்கள் அருமையானவை, உயரமான கூரை, பாரம் தாங்கும் தரை. சாப்பாட்டுக்கும் குறையில்லை, காசிமேட்டு வஞ்சிர வறுவலோடும், பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மா நூடுல்ஸான அத்தோவோடும் ஒரு கொத்தமல்லி விதை போட்ட கோதுமை பீர் எப்படிப் போகும் என்று நினைத்தாலே நாக்கு ஊறுகிறது. நாக்கு ஊறுவதை வைத்து பாங்கில் கடன் தர மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் என்னிடம் கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது வேறு. பீர் காய்ச்சத்தான் உரிமம் வேண்டும். பீர் காய்ச்சும் தொட்டியைச் செய்ய எந்தக் கலால் அதிகாரியிடமும் போக வேண்டாம். பெங்களூர், புனே, ஐதராபாத், புதுச்சேரி என்று சட்டம் திறந்த ஊர்களில் எல்லாம் கலன், கெக் கழுவும் இயந்திரம், கழுவும் மருந்தைச் சுழற்றும் தள்ளுவண்டி, சில்லர் லைன் என்று தேவை இருக்கிறது, பழுது பார்க்கும் ஆள் தேவை அதைவிட அதிகம். இவை எல்லாம் ஐசிஎஃப் பட்டறை, பால் பண்ணை, ஐஸ் ஃபேக்டரி வேலைகளின் கலவை. கற்றுக்கொள்ள வேண்டிய புது விஷயம் கொஞ்சம்தான்: உட்புறப் பளபளப்பை அளந்து சான்று தருவது, ஆர்கான் நிரப்பி அடித்த வெல்டிங்கை உள்ளே கேமரா விட்டுக் காட்டுவது, அழுத்தச் சோதனை, வெற்றிடத்தைத் தடுக்கும் வால்வை மறக்காமல் வைப்பது, தொட்டியைச் சுற்றிய குளிர்ச் சட்டையில் கசிவு இல்லை என்று உறுதிப்படுத்துவது.

வாயு ஏற்றுவதையும் பாட்டில் கழுவுவதையும் கையால் பழக வேண்டுமென்றால் பக்கத்துத் தெரு சோடா கம்பெனியில் ஆறு மாதம் நின்றாலே போதும். பீருக்கு ஒரு பங்கு திரவத்துக்கு இரண்டரைப் பங்கு வாயு, சோடாவுக்கு அதைவிடக் கூடுதல், ஆனால் குளிராக இருந்தால்தான் வாயு தங்கும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்று. காய்ச்சியே தீர வேண்டும் என்று இருப்பவர்கள் புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ போய் உதவியாளாகச் சேரலாம், முதல் வருடம் முழுக்கத் தொட்டிதான் கழுவச் சொல்வார்கள். ஊருக்கு வரும்போது நண்பர்களுக்கென்று அங்கிருந்து ஒரு கேன் பிடித்துக்கொண்டு வராதீர்கள், செக்போஸ்டில் சிக்கினால் அது வெளிமாநிலச் சரக்கு, கைவேலை, கிராஃப்ட் எதுவும் எஃப்ஐஆரில் ஏறாது.